பேட்டரி இருக்கட்டும், முதலில் கதவைத் திறந்து பாருங்கள்

கேள்வி: எங்கள் அப்பா ஆசையாக வைத்திருந்த 1966ஆம் வருட எம்ஜிபி, இரண்டு பேர் உட்காரும் திறந்த ஸ்போர்ட்ஸ் கார், 23 வருடமாக ஷெட்டில் தார்ப்பாய்க்குள் நிற்கிறது. அப்பா போன வருடம் தவறிவிட்டார். விற்க மனம் வரவில்லை. ஒரு பட்டறைக்காரர் பார்த்துவிட்டு, முழுக்கப் பிரித்துப் புதிதாகச் செய்தால்தான் சரிவரும் என்று ஒரு தொகை சொன்னார். பிள்ளைகள் மூன்று பேரும் சேர்ந்து போடக்கூடியது அதில் கால்வாசிகூட வராது. தம்பியோ, "புது பேட்டரி வாங்கிட்டேன், கொஞ்சம் பெட்ரோல் ஊத்தி ஸ்டார்ட் பண்ணிப் பாத்துடலாம்" என்று துடிக்கிறான். இதை ஓட வைக்க முடியுமா? எதில் தொடங்குவது?

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

முதல் வேலையாகத் தம்பியிடமிருந்து சாவியை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கோபித்துக்கொள்வார், பரவாயில்லை. அவருடைய ஆர்வத்தில் தப்பு சொல்ல மாட்டேன். இருபது வயதில் அதே ஆர்வத்தில் ஒரு இன்ஜினைக் கெடுத்தவன் நான். பல வருடம் நின்றிருந்த கார். பேட்டரியை மாட்டினேன், செல்ஃப் அடித்தேன், இரண்டு சுற்று அழகாகச் சுற்றியது, அப்புறம் "டக்" என்று ஒரு சத்தம். மேல்மூடியைக் கழற்றிப் பார்த்தால் ஒரு வால்வு, அது ஏறி இறங்கும் கைடு என்ற குழாயிலேயே துருப்பிடித்து நின்றுவிட்டிருக்கிறது. அதைத் தள்ளப் போன புஷ் ராடு வில்லாக வளைந்து கிடக்கிறது. அந்த வண்டிக்காரரிடம் போய்ச் சொல்வதற்கு நான் பட்ட பாடு இருக்கிறதே, அது தனிக்கதை.

நின்ற இன்ஜினுக்குள் நடப்பது இதுதான். நான்கு சிலிண்டரில் ஒன்றிரண்டிலாவது வால்வு திறந்த நிலையில் நின்றிருக்கும். அந்த வழியாக ஈரக்காற்று உள்ளே போகும். பிஸ்டன் ரிங் உட்கார்ந்திருக்கும் இடத்தில் மெல்லிசாகத் துரு கட்டி ரிங்கையும் சிலிண்டர் சுவரையும் பிடித்துக்கொள்ளும். எண்ணெயில் ஊறவிட்டுக் கையால் அசைத்தால் பெரும்பாலும் விட்டுவிடும். செல்ஃப் மோட்டாரின் பலத்தில் பிய்த்தால் ரிங் உடையும், சுவரில் கோடு விழும். பிறகு ரீபோர் (சிலிண்டரை மறுபடி கடைவது), புது பிஸ்டன் என்று நீங்கள் மூன்று பேரும் போடும் பணம் அங்கேயே கரைந்துவிடும்.

பேட்டரியிலும் ஒரு சங்கதி இருக்கிறது. 1967 வரை வந்த எம்ஜிபிகளில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியோடு எர்த் ஆகும். இன்றைய கார்களில் நெகட்டிவ். கை பழகிய வாக்கில் மாற்றிக் கொடுத்தால் பேட்டரியைச் சார்ஜ் செய்யும் டைனமோவும், அதைப் பேட்டரியோடு சேர்த்தும் பிரித்தும் விடும் கட்-அவுட்டும் அடிவாங்கும். அப்பாவோ அவருக்கு முன்னால் வைத்திருந்தவரோ நடுவில் நெகட்டிவ் எர்த்துக்கு மாற்றியிருக்கவும் கூடும். அதனால் ஒயரைத் தொடுவதற்கு முன், பாடியில் போய் முடிகிற கேபிள் எந்த முனையிலிருந்து வருகிறது என்று பார்த்து, ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். இன்னொன்று: இந்த காரில் வந்தது ஒரே 12 வோல்ட் பேட்டரி இல்லை. சீட்டுக்குப் பின்னால், தரைக்குக் கீழே, இடமும் வலமுமாக இரண்டு 6 வோல்ட் பேட்டரிகள். தம்பி வாங்கியது அந்தப் பெட்டிக்குள் உட்காருமா என்று அளந்து பார்க்கச் சொல்லுங்கள். பழைய ஆசிட் சிந்தி அந்தப் பெட்டியே அரித்துப் போயிருக்கவும் வாய்ப்பு உண்டு.

சரி, பணத்துக்கு வருவோம். பட்டறைக்காரர் உங்களை ஏமாற்றப் பார்த்தார் என்று நினைக்க வேண்டாம். அவர் சொன்னது, கூடு வரை உரித்துக் கண்காட்சிக்கு நிற்கிற மாதிரி செய்து தரும் விலை. அதில் டிங்கரிங், பெயிண்ட், குரோம், சீட் தையல் ஆகியவை பெரும்பங்கைத் தின்னும். எம்ஜிபி விஷயத்தில் அந்தச் செலவு பல நேரம் காரின் விலையையே தாண்டிவிடும். ஏனென்றால் இது அபூர்வமான கார் இல்லை. 1962 முதல் 1980 வரை இங்கிலாந்தின் ஆபிங்டன் தொழிற்சாலையில் 5 லட்சத்துக்கும் மேல் செய்தார்கள். இது உங்களுக்கு ஒருவகையில் நல்லதுதான். உதிரி பாகம் கிடைக்காமல் யாரும் நிற்பதில்லை. பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் என்ற நிறுவனம் 1988லிருந்து இதற்கு முழு பாடியையே புதிதாகச் செய்து தருகிறது. ஒரு வாஷர் முதல் விண்ட்ஸ்கிரீன் வரை எல்லாம் புதிதாகவே கிடைக்கும். ஆகவே இன்றைக்கே எல்லாவற்றையும் வாங்கிக் குவிக்க அவசியமில்லை.

உங்களுக்கு வேண்டியது அப்பா ஓட்டிய கார் திரும்ப ஓட வேண்டும் என்பது. அதற்கு நான் பணம் போடும் வரிசை: முதலில் பாடியின் பலம், அடுத்து பிரேக், அப்புறம்தான் இன்ஜின். பெயிண்டுக்கு இப்போதைக்கு ஒரு பைசா கிடையாது. எல்லாரும் இதைத் தலைகீழாகச் செய்வார்கள். இன்ஜின் சத்தம் கேட்டால் சந்தோஷம், பெயிண்ட் பளபளத்தால் சந்தோஷம். பிரேக்கைச் சரிசெய்தால் யாருக்கும் எதுவும் தெரியாது.

பாடியை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், இந்த காருக்குத் தனி சேஸிஸ் கிடையாது. கூரையும் இல்லை. கதவுக்குக் கீழே இரண்டு பக்கமும் ஓடுகிற சில் என்ற தகட்டுப் பெட்டிதான் முன்பாதியையும் பின்பாதியையும் பெருமளவுக்குச் சேர்த்துப் பிடித்திருக்கிறது. வெளித்தகடு, நடுத்தகடு, உள்தகடு என்று மூன்று அடுக்கு அதில். நடுத்தகடு போய்விட்டால் வெளியிலிருந்து பார்க்கத் தெரியாது.

பார்க்கும் விதம் சொல்கிறேன், செலவே இல்லை. காரைச் சமதரையில் வைத்துக் கதவுகளை மூடுங்கள். கதவுக்கும் பாடிக்கும் நடுவில் உள்ள இடைவெளியை மேலேயும் கீழேயும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். மேலே ஒட்டிக்கொண்டும் கீழே விரிந்தும் இருந்தால் கார் நடுவில் தொய்ந்திருக்கிறது. பிறகு கதவுக்கு நேர் கீழே ஜாக்கி வைக்கிற இடத்தில் ஜாக்கி கொடுத்து மிக மெதுவாக ஏற்றுங்கள். "கறுக் கறுக்" என்று சத்தம் வந்து ஜாக்கி உள்ளே புதைந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள், பதில் கிடைத்துவிட்டது. புதையாவிட்டால் டயர் தரையை விடும் நேரத்தில் கதவைத் திறந்து மூடிப் பாருங்கள். இடைவெளி மாறியிருந்தாலோ கதவு இடித்தாலோ சில்லில் பலமில்லை. வெறும் ஜாக்கியை நம்பி யாரும் அடியில் படுக்க வேண்டாம்.

அடுத்து ஒரு சின்னக் காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி, சில், சக்கரத்துக்கு மேலுள்ள வளைவு, முன் விங்கின் (முன்சக்கரத்தை மூடும் பக்கத்தகடு) அடிப்பகுதி என்று நகர்த்திக்கொண்டே போங்கள். எங்கே பிடிக்காமல் வழுக்குகிறதோ அங்கே தகட்டுக்குப் பதில் ஓட்டையை மறைக்கப் பூசிய பட்டி இருக்கிறது. உள்ளே கார்ப்பெட்டைத் தூக்கி ஸ்க்ரூடிரைவரின் பிடியால் தரையைத் தட்டுங்கள். நல்ல தகடு கணீரென்று சொல்லும், செத்த தகடு சொத்தென்று சொல்லும். பிடிப்பக்கம் என்பதைக் கவனியுங்கள், முனையால் குத்தித் தொலைக்க வேண்டாம். பின் ஸ்பிரிங் தொங்குகிற இடங்களையும் மறக்காமல் பாருங்கள். பின்சக்கர அச்சே அந்த ஸ்பிரிங்குகளில்தான் நிற்கிறது.

சில் போயிருந்தால் உங்கள் பணத்தில் பாதிக்கு மேல் அதற்கே வைத்துவிடுங்கள். வேலை கொடுக்கும்போது இரண்டு கேள்வி கேளுங்கள். ஒன்று, "வெட்டுவதற்கு முன் கதவு வாசலில் குறுக்கே கம்பி வெல்ட் செய்வீர்களா?" அப்படிக் கட்டாமல், கார் தன் சக்கரத்து மேல் சரியாக உட்காராமல் இருக்கும்போது சில்லை அறுத்தால் பாடி வாழைப்பழமாக வளையும், வளைந்தபடியே புதுச் சில்லை ஒட்டிவிட்டால் அந்தக் கதவு ஜென்மத்துக்கும் மூடாது. இரண்டாவது, "முன் விங்கைக் கழற்றுவீர்களா?" சில்லின் முன்நுனி விங்குக்குப் பின்னால் மறைந்து போகிறது. கழற்றாமல் கண்ணுக்குத் தெரிகிற நீளத்துக்கு மட்டும் தகடு ஒட்டுவது திருட்டு வேலை. இந்த இரண்டுக்கும் தெளிவாகப் பதில் சொல்லாதவர் எவ்வளவு குறைவாகக் கேட்டாலும் வேண்டாம். ஒரு பக்கம் முழுதாக முடித்த பிறகே மறுபக்கம், இதையும் சொல்லி வையுங்கள்.

வெல்டிங் வேலை இருக்கிறது என்பதற்காக முழு காரையும் பிரிக்க ஒப்புக்கொள்ளாதீர்கள். ஒருமுறை எங்கள் பட்டறைக்கு ஒரு கார் மூன்று நடையில் வந்து சேர்ந்தது. முதல் நடையில் பாடி. இரண்டாவதில் இன்ஜினும் கியர்பாக்ஸும். மூன்றாவதில் அட்டைப்பெட்டிகளோடு ஒரு பெயிண்ட் வாளி, அதன் விளிம்பு வரை போல்ட் நட்டு. எந்த போல்ட் எங்கே என்று ஒரு சீட்டும் இல்லை. உரியவர் ஒரே வாரத்தில் ஆசையாகப் பிரித்திருக்கிறார், அப்புறம் ஒன்பது வருடம் அந்த வாளியைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். கழற்றும் கூலியைவிட, கழற்றியதைத் தேடிச் சேர்க்கும் கூலிதான் அவரைச் சாப்பிட்டது. நீங்கள் ஒரு நேரத்தில் ஒரு வேலையைப் பிரியுங்கள், அதை மாட்டி முடித்த பிறகு அடுத்ததைத் தொடுங்கள். கழற்றிய போல்ட்டை அதன் ஓட்டையிலேயே இரண்டு திருகு திருகி வைப்பது நல்ல பழக்கம். முடியாதபோது சின்ன பிளாஸ்டிக் பையில் போட்டு உள்ளே ஒரு சீட்டு. கார் தன் நாலு சக்கரத்தில் நின்று, தள்ளினால் நகரும் நிலையில் இருக்கும் வரை வீட்டிலிருப்பவர்களுக்கு அதன் மேல் நம்பிக்கை போகாது.

பிரேக். உங்கள் காரில் ஒற்றைச் சுற்று. பெடலை மிதித்தால் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரிலிருந்து போகும் ஒரே லைனில் நாலு சக்கரமும் இருக்கின்றன, எங்காவது ஒரு ஓஸ் பிய்ந்தால் மொத்தமும் போச்சு. பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும் குணமுள்ளது. 23 வருடமாக உறிஞ்சிய ஈரம் சிலிண்டர் சுவரில் அம்மைத் தழும்பு மாதிரி துருக்குழிகளை ஏற்படுத்தியிருக்கும். ஷெட்டில் நிற்கும் காரைப் பார்க்க வருகிற ஒவ்வொருவரும் உட்கார்ந்து பெடலை ஒரு மிதி மிதித்துப் பார்ப்பார்கள், "அட, பிரேக் நல்லாத்தான் இருக்கே!" என்பார்கள். அந்த மிதியில்தான் ரப்பர் சீல் இத்தனை வருடம் போகாத துருப்பகுதி வரை போய்க் கிழிந்துவிட்டு வரும். முன்பைவிட மோசம்.

அதனால் ரப்பர் என்று பெயருள்ள எதையும் காப்பாற்ற முயல வேண்டாம். மூன்று பிரேக் ஓஸ், பின்சக்கர வீல் சிலிண்டர் இரண்டு, முன்சக்கர டிஸ்க்கைக் கவ்வும் காலிப்பரின் சீல்கள், மாஸ்டர் சிலிண்டர் எல்லாம் புதிது. ஓஸ் வெளியே பார்க்க நன்றாக இருக்கும், உள்ளே உப்பி அடைத்திருக்கும். மிதித்தால் ஆயில் போகும், விட்டால் திரும்பாது, சக்கரம் பிடித்துக்கொண்டே எரியும். இரும்பு பைப்புகளையும் மாற்றுவதாக இருந்தால் தாமிர-நிக்கல் பைப்பாகப் போடுங்கள், துருப்பிடிக்காது. காலிப்பர் பிஸ்டனில் குழி விழவில்லை என்றால் அதையே சுத்தம் செய்து மாட்டலாம், அங்கே கொஞ்சம் மிச்சம் பிடிக்கலாம். கிளட்சுக்கும் இதே ஆயில், இதே கதைதான்.

டயரைப் பற்றி வாதமே வேண்டாம். பட்டன் எவ்வளவு ஆழமாக இருந்தாலும் மாற்றித்தான் ஆக வேண்டும். பக்கச்சுவரில் டாட் என்று தொடங்கும் வரியின் கடைசி எண்களைப் பாருங்கள். 2000க்குப் பிறகு வந்தவற்றில் நாலு எண் இருக்கும், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். உங்களுடையதில் மூன்றே எண் இருந்தால் அது போன நூற்றாண்டு டயர். கம்பிச் சக்கரமாக இருந்தால் டியூப் கட்டாயம். ஒரு சின்ன ஸ்பேனரால் கம்பிகளை ஒவ்வொன்றாகத் தட்டிக் கேளுங்கள். மற்றதெல்லாம் ஒரே சுருதியில் ஒலிக்க, ஒன்று மட்டும் தொளதொளவென்று ஒலித்தால் அது தளர்ந்த கம்பி.

இப்போது தம்பியைக் கூப்பிடலாம். நாலு பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு ஓட்டையிலும் சில கரண்டி ஊடுருவும் எண்ணெய் விடுங்கள். ஆட்டோமேட்டிக் கியர் ஆயிலையும் அசிட்டோனையும் சரிபாதி கலந்து விடுவது என் வழக்கம். தீப்பிடிக்கும் பொருள், புகைபிடிப்பவரை வெளியே அனுப்பிவிடுங்கள். குறைந்தது ஒரு வாரம் ஊறட்டும், நடுவில் இரண்டு தடவை திரும்ப விடுங்கள். பிறகு நாலாவது கியரில் போட்டு காரை முன்னும் பின்னும் மெல்ல அசையுங்கள். ஒரு அங்குலம் நகர்ந்தாலே போதும், மீதி தானாக வரும். முழுச் சுற்று வந்ததும் வால்வுகளுக்கு மேலே உள்ள ராக்கர் மூடியைக் கழற்றி வைத்து, ஒருவர் காரைத் தள்ள, ஒருவர் எட்டு வால்வையும் பார்க்க வேண்டும். எட்டும் இறங்கி ஏற வேண்டும். ஒன்று இறங்கி ஏறாமல் நின்றால் அதில் எண்ணெய் விட்டு ரப்பர் சுத்தியலால் செல்லமாகத் தட்டுங்கள். என் பழைய கணக்கு அங்கேதான் தவறியது.

அப்புறம் பழைய ஆயிலை இறக்கி, ஃபில்டரை மாற்றி, 20டபிள்யூ-50 ஆயில் விடுங்கள். பிளக் இல்லாமலே செல்ஃப் அடித்து, டாஷ்போர்டில் உள்ள ஆயில் பிரஷர் முள் எழும்புகிறதா என்று பாருங்கள். இந்த இன்ஜினில் நீண்ட நாள் நின்றால் ஆயில் பம்ப் வறண்டு இழுக்க மறுப்பது உண்டு. முள் எழும்பாமல் பிளக்கை மாட்டக் கூடாது. ரேடியேட்டரைக் கழுவும்போது பிளாக்கின் பக்கத்தில் உள்ள வடிகுழாயையும் திறங்கள். தண்ணீர் வராது, சேறு அடைத்திருக்கும். ஒரு கம்பியால் குத்திவிட்டால் டீ நிறத்தில் கொட்டும்.

டேங்கில் இருக்கும் பெட்ரோல் இப்போது பெட்ரோலே இல்லை, பழைய வார்னிஷ் மாதிரி நாறும். அதைக் கார்புரேட்டருக்கு அனுப்பாதீர்கள். முதல் ஸ்டார்ட்டுக்கு ஒரு சின்ன கேனில் புது பெட்ரோல் வைத்துத் தற்காலிக ஓஸ் போட்டால் போதும், பக்கத்திலேயே தீயணைப்பான். டேங்கைக் கழற்றியதும் அடியைத்தான் எல்லாரும் பார்ப்பார்கள். எம்ஜிபி டேங்க் மேல்பக்கம் ஓட்டையாகும். டேங்குக்கும் டிக்கித் தரைக்கும் நடுவிலுள்ள சந்தில் சேறு தங்கி, ஈரம் காயாமல், மேலிருந்து அரிக்கும். பாதி டேங்க் பெட்ரோலில் ஒன்றும் தெரியாது, நிரப்பிய அன்றைக்கு நாறும். கழற்றிய காலி டேங்கில் ஆவி நிற்கும், நிறைந்த டேங்கைவிட அதுதான் வெடிக்கும். அதை வெல்ட் செய்ய யாரிடமும் கொடுக்காதீர்கள்; ஓட்டை என்றால் புதிதே வாங்குங்கள்.

பின்பக்கம் உள்ள எஸ்யூ கம்பெனியின் மின் பெட்ரோல் பம்ப்பில் சாவி போட்டதும் "டிக் டிக் டிக்" என்று கேட்டு, கார்புரேட்டர் நிரம்பியதும் நிற்க வேண்டும். சத்தமே இல்லை என்றால் அதன் உள்ளே உள்ள பாயிண்ட் ஒட்டியிருக்கும், ஸ்பேனர் பிடியால் லேசாக ஒரு தட்டு. நிற்காமல் டிக்கிக்கொண்டே இருந்தால் எங்கோ ஒழுகுகிறது, உடனே சாவியை அணையுங்கள்.

ஒயரிங்கை முழுதாக மாற்றச் சொல்வார்கள். எலி கடிக்காமல், இன்சுலேஷன் நொறுங்காமல் இருந்தால் தேவையில்லை. எர்த் முனைகளைச் சுரண்டிச் சுத்தம் செய்தாலே பாதி விளக்குகள் எரியும். ஆனால் இதில் வேலை செய்யும் ஃபியூஸ் இரண்டே இரண்டு, ஹெட்லைட் அதில் எதிலும் சேராது. ஹெட்லைட்டுக்குத் தனியாக ஒரு ஃபியூஸ் சேர்த்துவிடுங்கள்.

பெயிண்ட், குரோம், சீட் மூன்றும் காத்திருக்கும். மங்கின பெயிண்டைப் பாலிஷ் போட்டாலே நீங்கள் அசந்துபோவீர்கள். குரோமில் மேலோட்டமான துருவுக்கு அலுமினியத் தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தால் போதும். அப்பா எங்கோ இடித்த நெளிவு இருந்தால் அதை நான் எடுக்கச் சொல்ல மாட்டேன், உங்கள் விருப்பம்.

பிரித்துச் சுத்தம் செய்வது, துரு தேய்ப்பது, முன்சக்கரம் திரும்பும் அச்சான கிங்பின்னில் கிரீஸ் அடிப்பது, ரப்பர் பாகங்கள் மாற்றுவது எல்லாம் நீங்கள் மூன்று பேரும் ஒரு பட்டறைப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு செய்யக்கூடியவை. வெல்டிங்குக்கும், பிரேக்கை முடித்த பிறகு சரிபார்ப்பதற்கும் மட்டும் கூலி கொடுங்கள். காரை எடுத்து வெளியே போவதற்கு முன் பதிவுப் பத்திரத்தையும் யார் பெயரில் மாற்றுவது என்பதையும் மூவரும் பேசி முடித்துக்கொள்ளுங்கள். நல்லபடியாகத் தயாரான கார்கள் அந்தப் பேச்சு முடியாமல் திரும்ப ஷெட்டுக்குள் போவதை நிறைய பார்த்துவிட்டேன்.

கதவு இடைவெளியின் அளவுகளையும், காந்தம் எங்கெங்கே வழுக்கியது என்பதையும் எழுதி அனுப்புங்கள். சில்லைத் தொட வேண்டுமா, விட்டுவிடலாமா என்று அதை வைத்துச் சொல்கிறேன். தம்பி வாங்கிய பேட்டரி அதுவரை மூலையில் சும்மா கிடக்க வேண்டாம், கிடந்தால் தானாக இறங்கிக் கெட்டுவிடும். மாதம் ஒருமுறை சார்ஜ் போடும் வேலையை அவரிடமே ஒப்படையுங்கள்.